நான்கு தந்தியும் மாதச் சம்பளமும்

1930கள் முதல் 1960கள் வரை பினாங்கில் வளர்ந்த மெல்லிசையின் வரலாற்றை பால் அகஸ்டினும் ஜேம்ஸ் லாக்ஹெட்டும் 2015இல் நூலாகக் கொண்டுவந்தார்கள். அதற்கு அவர்கள் சூட்டிய பெயர் 'ஜஸ்ட் ஃபார் த லவ் ஆஃப் இட்'. ஆசை ஒன்றுக்காகவே என்று பொருள். மறுஆண்டு கொம்தார் கட்டடத்தில் திறக்கப்பட்ட பினாங்கு இசை இல்லத்துக்குப் பின்னாலும் இதே உழைப்புதான் இருந்தது. ஒரு ஊரின் இசைக்காரர்கள் அத்தனை பேருக்கும் பொருந்துகிற மாதிரி ஒரு தலைப்பு வைப்பது துணிச்சலான காரியம். அதைக் கொஞ்சம் சந்தேகத்தோடும் பார்க்கலாம். நியூ வேர்ல்ட், வெம்பிளி போன்ற கேளிக்கைப் பூங்காக்களிலும் ஹோட்டல் நடன அரங்குகளிலும் அன்று வாசித்தவர்கள் ஆசைக்காக மட்டும் வாசிக்கவில்லை. கூலி வாங்கினார்கள், அந்தக் கூலியில் உலை வைத்த குடும்பங்களும் உண்டு. ஆசையும் கூலியும் ஒரே மேடையில் அருகருகே நின்றிருக்கின்றன. இன்று பேஸ் கிட்டாரைக் கையில் எடுக்கும் பினாங்கு இளைஞரிடம் 'இது பொழுதுபோக்கா, பிழைப்பா?' என்று கேட்கும்போது அந்த இரண்டையும் நாம்தான் பிரித்து வைக்கிறோம். ஜார்ஜ் டவுன் போன்ற ஊரில் பேஸ் வாசிப்பது பகல் வேலைக்கு அப்பால் வைத்துக்கொள்ளும் ஈடுபாடாக இருப்பதே நல்லது, ஆனால் கூலி பேசும் இடத்தில் மட்டும் அவர் முழுநேரக் கலைஞரைப் போலவே நடந்துகொள்ள வேண்டும் என்பது என் கட்சி. முதல் பாதிக்குத் தலையாட்டுகிறவர்கள் இரண்டாம் பாதி வந்ததும் நழுவிவிடுகிறார்கள்.

முதலில், இசை இங்கே பிழைப்பாக இருந்த காலம் எப்படி வந்தது, எப்படிப் போனது என்று பார்க்க வேண்டும். பினாங்கு சுங்கவரியில்லாத் துறைமுகமாக இருந்தவரை கப்பல்காரர்களும் வணிகர்களும் வந்து இறங்கிய ஊர். அக்கரையில் பட்டர்வொர்த் விமானத் தளம் 1988 வரை ஆஸ்திரேலிய விமானப்படையின் பொறுப்பில் இருந்தது. வியட்நாம் போரின் நடுவே ஓய்வெடுக்க அனுப்பப்பட்ட அமெரிக்கச் சிப்பாய்களும் இங்கே வந்தார்கள். கையில் காசும் மனத்தில் சலிப்புமாக வரும் வெளியூர்க்காரருக்கு இரவில் இசை வேண்டும். இசை வேண்டுமென்றால் குழு வேண்டும், குழுவுக்கு பேஸ் வேண்டும். அன்று தொழில்முறை இசைக்காரர்களைத் தாங்கியது இந்தக் கணக்குதான். 1969இல் துறைமுகச் சலுகை பறிபோனது. 1972இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக வட்டாரம் திறந்தது, இன்டெல் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையை இங்கே நிறுவியது. துறைமுக ஊர் மெல்ல மின்னணு ஊரானது. அதன்பின் பினாங்கில் பேஸ் வாசிப்பவர் என்றால் பெரும்பாலும் டெக்னீஷியன், பொறியாளர், ஆசிரியர், கடைக்காரர். அவர்களுடைய விரல் மாறவில்லை. அந்த விரலுக்கு யார் காசு கொடுப்பது என்பது மாறிவிட்டது.

இதைத் திறமைக் குறைவாக எடுத்துக்கொள்வதுதான் பிழை. பினாங்கில் பிறந்தவர்களில் இசையையே முழுப் பிழைப்பாக்கி நாடறிந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். பி. ரம்லி 1948இல் சிங்கப்பூருக்குப் போனார். சினிமா அங்கேதான் இருந்தது. நம்மவர்களான டேவிட் ஆறுமுகமும் லோகநாதன் ஆறுமுகமும் 1960களின் இறுதியில் பினாங்கில் தொடங்கிய குழுதான் பின்னாளில் 'ஆலிகேட்ஸ்' ஆனது. அவர்கள் ஹாங்காங்கின் இரவு விடுதிகளில் சில ஆண்டுகள் வாசித்துப் பழகி, 1970களின் கடைசியில் மலாய்ப் பாடல்களால் நாடெங்கும் பெயர் பெற்றார்கள். 2007இல் லோகநாதன் காலமானபோது துக்கம் எல்லா இனத்தாருக்கும் பொதுவாக இருந்தது. (அந்தப் பாடல்களை வரி பிசகாமல் பாடுகிறவர்களிடம், அவற்றில் பேஸ் வாசித்தது யார் என்று கேட்டுப் பாருங்கள். பேஸ் வாசிப்பவரின் விதி அது.) இரண்டு கதைகளிலும் ஊர் மாறிய பிறகே தொழில் அமைந்தது. வானொலி, தொலைக்காட்சி, பதிவுக்கூடம் எல்லாம் கோலாலம்பூரில் குவிந்துவிட்ட நாட்டில், பினாங்கில் இருந்துகொண்டு முழுநேர பேஸ் கலைஞராக வாழ்வேன் என்பவர் இசையோடு மட்டும் மோதவில்லை, நிலவியலோடும் மோதுகிறார்.

ஏன் குறிப்பாக பேஸ்? பாடகருக்கும் கீபோர்டு வாசிப்பவருக்கும் தனியாகப் பிழைக்க வழி உண்டு. ஹோட்டல் முகப்பில் ஒருவர் கிட்டாரோடு பாடிக் காலம் தள்ளலாம். கீபோர்டு கற்றுக்கொடுக்க மாணவர் கிடைப்பார்கள். பேஸ் அப்படித் தனித்து நிற்கும் வாத்தியமில்லை. அதன் அடித் தந்தி நொடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது. காதைவிட நெஞ்சுக்கூட்டில் முதலில் படும் ஒலி அது. டிரம்மரின் கிக் விழும் கணத்தில் பேஸின் சுரமும் விழுந்தால்தான் பாட்டுக்குக் கால் முளைக்கும். நம் ஊர் உருமி மேளத்தில் அடித்தாளம் தளர்ந்தால் காவடியின் நடை தளர்வதைக் கண்டவர்களுக்கு இது விளங்கும். லியோ ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பேஸை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, ஆளுயர டபுள் பேஸைச் சுமந்து திரிந்தவர்களுக்கு விடிவு வந்தது. மெட்டு வைத்த கழுத்து என்பதால் சுரம் பிசகாது, மின்சாரம் என்பதால் கூட்டத்தில் அமுங்காது. கற்கத் தொடங்குவதும் எளிதானது. அந்த எளிமையே இதன் சந்தையைக் கெடுத்தது என்றும் சொல்லலாம். சில மாதப் பயிற்சியில் மேடையேறும் அளவுக்கு வாசித்துவிடலாம் என்றால் போட்டிக்கு ஆள் வரும். அதற்குமேல் கீபோர்டுக்காரரின் இடது கை வந்தது, பிறகு 'மைனஸ் ஒன்' டிராக் வந்தது. தமிழ்த் திருமண விருந்துகளில் முழு இசைக்குழு இருந்த இடத்தில் ஒரு மடிக்கணினியும் இரண்டு பாடகர்களும் நிற்கும் காட்சி நமக்குப் புதிதில்லை. செலவைக் குறைக்க நினைப்பவர் முதலில் கை வைப்பது, இல்லாவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று அவர் நம்பும் வாத்தியத்தின் மீதுதான்.

கணக்கையும் போட்டுப் பார்ப்போம். பேச்சுக்கு ஒரு இரவுக்கு ஆளுக்கு 150 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். வாரம் மூன்று இரவு, மாதம் பன்னிரண்டு. 1,800 வெள்ளி தேறும். 2025இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளமே 1,700 வெள்ளி. தொழிற்சாலை ஊழியருக்கு அதற்குமேல் முதலாளி 13 விழுக்காடு சேமநிதிப் பணம் கட்டுகிறார், சொக்சோ காப்புறுதி இருக்கிறது, மருத்துவ விடுப்பு இருக்கிறது. மேடைக்காரருக்கு விரலில் கத்தி பட்டால் அந்த வாரம் வருமானம் இல்லை. ஆம்பும் வண்டி எண்ணெயும் தந்தியும் அவர் செலவு. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. இரவு விடுதிகளுக்கு மீண்டும் கதவு திறக்கப்பட்டது 2022 மே 15இல். ஏறத்தாழ 26 மாதம். சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டு வாசித்தவருக்கு அது மேடையில்லாத சனிக்கிழமைகளின் கணக்கு. மேடையையே நம்பியவருக்கு அடுப்பின் கணக்கு. சுயதொழில் செய்வோருக்கான சமூகப் பாதுகாப்புத் திட்டம் இப்போது கலைத்துறையையும் சேர்த்துக்கொண்டிருக்கிறது, நல்லதுதான். ஆனால் அது விபத்துக்குக் கைகொடுக்குமே தவிர, வேலையில்லாத மாதத்துக்குச் சோறு போடாது.

இதற்கு முதல் மறுப்பு தரத்தைப் பற்றியது. அரைநேரம் வாசிப்பவரிடம் அரைக் கலைதான் இருக்கும், முழுமூச்சாக இறங்கியவரே உச்சம் தொடுவார் என்பார்கள். தமிழ் நாடக மேடை இந்த வழக்கை நூறாண்டுக்கு முன்பே நடத்திப் பார்த்துவிட்டது. 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் வழக்கறிஞர், பிறகு நீதிபதியும் ஆனார். பகலில் நீதிமன்றம், மாலையில் ஒத்திகை. மறுபக்கம் சங்கரதாஸ் சுவாமிகளின் வழிவந்த பாலர் கம்பெனிகள், நாடகமே சோறும் கூரையும் என்று வளர்ந்த பிள்ளைகள். நடிப்பின் உரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் கம்பெனிப் பக்கமே தட்டு தாழும். எம்.ஜி.ஆரும் சிவாஜியும் அங்கிருந்துதான் வந்தார்கள். இதை மறைக்க வேண்டியதில்லை. பேஸிலும் அப்படித்தான். இளையராஜாவின் பாடல்களில் சசிதரன் வாசித்த பேஸ், தினமும் பதிவுக்கூடத்தில் உட்கார்ந்து, நோட்டேஷனைப் பார்த்த மாத்திரத்தில் வாசித்த பழக்கத்தின் விளைச்சல். சனிக்கிழமைக் கலைஞருக்கு அந்தக் கை வராது. ஆனால் அந்தக் கையை உருவாக்கியது ஒரு தனிமனிதரின் வைராக்கியம் மட்டுமல்ல. ஆண்டு முழுக்கப் படம் எடுத்த தொழில், கால்ஷீட் கணக்கு, எம்.பி. சீனிவாசன் பாடுபட்டுக் கட்டிய திரையிசைக் கலைஞர் சங்கம் எல்லாம் சேர்ந்து உருவாக்கியது. ஜார்ஜ் டவுனில் அந்த மண் இல்லாமல் அந்த மரத்தை மட்டும் எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

அந்த மண்ணும் நிலையானதில்லை. டெட்ராய்ட் நகரின் மோடவுன் நிறுவனத்தில் பாட்டுக்குப் பாட்டு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் பெயர் இசைத்தட்டு உறையில் அச்சாக 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மறுஆண்டே நிறுவனம் லாஸ் ஏஞ்சலீஸுக்கு மூட்டை கட்டிவிட்டது. பாயான் லெப்பாஸுக்கு இன்டெல் வந்த அதே 1972. அவர் வாசித்ததை இன்றும் பேஸ் மாணவர்கள் பாடமாகப் பயில்கிறார்கள். அவரோ பழைய இடத்தை மீண்டும் பிடிக்க முடியாமல் 1983இல் இறந்தார். தொழில் உச்சத்தைத் தரும், சரி. அந்த உச்சத்தின் சாவி எப்போதும் வேறொருவர் சட்டைப் பையில்தான் இருக்கிறது.

தர வாதத்துக்கு இன்னொரு பதிலும் உண்டு. பேஸின் மேன்மை வேகத்தில் இல்லை, கூடி வாசிப்பதில் இருக்கிறது. கூலிக்கு வாசிப்பவர் இன்று ஒரு குழு, நாளை ஒரு குழு என்று ஓடுகிறார். எந்த சுருதிக்கும் எந்தப் பாடகருக்கும் ஈடுகொடுப்பது அவர் பலம். பகல்வேலைக் குழுவில் ஒரே டிரம்மரோடு பத்து, பதினைந்து ஆண்டு வாசிப்பவருக்கு வேறொன்று கிடைக்கிறது. டிரம்மர் எந்த இடத்தில் அவசரப்படுவார், எங்கே இழுப்பார் என்பது அவர் கைக்குத் தெரிந்திருக்கும். அப்படிப்பட்டவரை 'பொழுதுபோக்குக்கு வாசிப்பவர்' என்கிறோம். நம் மொழியில் இதற்கு வாய்த்த சொல்லே கோளாறானது. பன்னிரண்டு மணி நேர ஷிப்டு முடித்து, பாலத்து நெரிசலைக் கடந்து ஒத்திகைக்கு வருகிறவரிடம் போக்குவதற்குப் பொழுது எங்கே கிடக்கிறது? அமெச்சூர் என்ற சொல்லின் வேரிலாவது நேசம் இருக்கிறது.

இரண்டாவது மறுப்புதான் வலுவானது. அதை முழுநேரக் கலைஞர்களே சொல்கிறார்கள்: மாதச் சம்பளம் வாங்குகிறவர் இலவசமாகவோ சாப்பாட்டுக்கோ வாசித்தால், இதையே நம்பியிருப்பவர் வயிற்றில் அடிக்கிறார். மறுக்க என்னிடம் பதிலில்லை, ஒப்புக்கொள்கிறேன். பத்து ஃபிரிங்கி ஹோட்டல் வரிசையும் ஜார்ஜ் டவுன் மதுக்கூடங்களும் சேர்ந்தாலும் இந்தத் தீவின் மேடைகள் விரல் விட்டு எண்ணத்தக்கவை. அதில் ஒருவர் விலையைக் குறைத்தால் மறுவாரமே அது எல்லோருக்கும் விலையாகிவிடும். கோயில் திருவிழாவிலும் பள்ளி நிதி திரட்டும் விருந்திலும் சும்மா வாசிப்பது வேறு, அது நன்கொடை. நுழைவுச்சீட்டு விற்கும் இடத்திலும் பீர் விற்கும் இடத்திலும் சும்மா வாசிப்பது அந்த முதலாளிக்குத் தரும் நன்கொடை. 'எனக்குப் பணம் முக்கியமில்லை' என்று சொல்லும் பேஸ்காரர் அதைப் பெருந்தன்மை என்று நினைக்கிறார். பணம் முக்கியமான இன்னொருவருடைய கூலியை எடுத்துத்தான் அவர் அந்தத் தானத்தைச் செய்கிறார். வேண்டாத பணத்தை வாங்கிப் பிறகு யாருக்காவது கொடுக்கலாம், விலையை மட்டும் குறைக்கக் கூடாது.

'முதலில் ஒரு வேலை, பிறகு கிட்டாரை வைத்துக்கொள்' என்று பெற்றோர் காலங்காலமாகச் சொல்வதைத்தானே நீங்களும் சொல்கிறீர்கள் என்று இளையவர்கள் கேட்கக்கூடும். பாதி உண்மை. பெற்றோர் அதைச் சொல்வது இசையை ஒதுக்கி வைக்க, நான் சொல்வது இசையைத் தக்கவைத்துக்கொள்ள. இருபது வயதில் கோலாலம்பூருக்கோ சென்னைக்கோ போய் மோதிப் பார்க்கத் துணிகிறவரை நிறுத்துவது என் வேலையில்லை. ரம்லியையும் ஆறுமுகம் சகோதரர்களையும் அப்படி நிறுத்தியிருந்தால் நமக்கு நட்டம். ஊரிலேயே இருக்க நினைப்பவரைப் பற்றித்தான் இங்கே பேச்சு. அவருக்கு மாதச் சம்பளம் தரும் பெரிய வசதி, வேண்டாத மேடையை வேண்டாம் என்று சொல்லும் உரிமை. பிடிக்காத பாட்டை, ஒலி சரியில்லாத மண்டபத்தை, குறைத்துப் பேசும் விலையை அவர் மறுக்கலாம். முழுநேரக்காரருக்கு அந்த உரிமை பல மாதங்களில் இருப்பதில்லை. அதனாலேயே விலையைத் தாங்கிப் பிடிக்கும் கடமை பகல்வேலைக்காரர் தலையில்தான் அதிகமாக விழுகிறது.

இதில் வாசிப்பவரை மட்டும் குறை சொல்லவும் கூடாது. கல்யாண வீட்டார் மண்டபத்துக்குப் பேரம் பேசாமல் கொடுப்பார்கள், சாப்பாட்டுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கொடுப்பார்கள், மேடை அலங்காரத்துக்கு முன்பணமும் கட்டிவிடுவார்கள். இசைக்குழுவிடம் வரும்போதுதான் 'எல்லாரும் வேலைக்குப் போறவங்கதானே, பார்த்துச் சொல்லுங்க' என்ற பேச்சு வரும். அதே மண்டபத்துக்கு ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுப்பவர் பகலில் என்ன வேலை பார்க்கிறார் என்று யாரும் விசாரிப்பதில்லை.