இலவச விபிஎன்னுக்கு யார் காசு கொடுக்கிறார்?

பிடோக் நார்த்தில் உள்ள எங்கள் வீவக வீட்டில், பாட்டியின் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு பழைய கணினி இருக்கிறது. பாட்டி விரும்பிப் பார்க்கும் தொடர் ஒன்று இந்தியாவில் இலவசம். இங்கே சந்தா கட்டவேண்டும். பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் என் தம்பி அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தான். இலவச விபிஎன் ஒன்றைப் பதிவிறக்கம் செய்து, பச்சைப் பொத்தானை அழுத்தினான். கணினி ‘இந்தியாவுக்கு’ப் போய்விட்டது. பாட்டிக்கும் மகிழ்ச்சி, தம்பிக்கும் வீட்டில் நல்ல பெயர்.

2024 மே மாத இறுதியில் வந்த ஒரு செய்தியைப் படித்தபோதுதான் எனக்குள் சந்தேகம் முளைத்தது. அமெரிக்க அதிகாரிகள் தேடிவந்த 35 வயது சீன நாட்டவர் ஒருவர் மே 24ஆம் தேதி சிங்கப்பூரில் கைதுசெய்யப்பட்டிருந்தார். ‘911 எஸ்5’ என்ற மாபெரும் கணினிக் கட்டமைப்பை நடத்தியதாக அவர்மீது குற்றச்சாட்டு. கிட்டத்தட்ட 200 நாடுகளில் 19 மில்லியனுக்கும் அதிகமான இணைய முகவரிகள் அதில் சிக்கியிருந்தன. உலகில் இதுவரை இருந்தவற்றிலேயே மிகப் பெரியதாக இது இருக்கக்கூடும் என்று அப்போதைய எஃப்பிஐ இயக்குநர் கூறினார்.

இத்தனை கணினிகள் எப்படிச் சிக்கின? பெரும்பாலும் உரிமையாளர்களே இலவச விபிஎன் மென்பொருளை விரும்பி நிறுவியதால். மாஸ்க்விபிஎன், டியூவிபிஎன், பாலடின்விபிஎன், பிராக்ஸிகேட், ஷீல்டுவிபிஎன், ஷைன்விபிஎன் ஆகிய ஆறு பெயர்களை எஃப்பிஐ வெளியிட்டது. மென்பொருள் சொன்ன வேலையைச் செய்தது. கூடவே, அந்த வீட்டின் இணைய முகவரியை மற்றவர்களுக்கு வாடகைக்கும் விட்டது. மோசடிக்காரர்கள் அந்த முகவரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அமெரிக்காவின் கொவிட்-19 நிவாரணத் திட்டங்களில் பல பில்லியன் டாலரைச் சுருட்டியதாகக் குற்றப்பத்திரிகை சொல்கிறது. காவல்துறை தேடிப்போனால் முதலில் தென்படுவது மோசடிக்காரரின் முகவரி அல்ல. ஒன்றும் அறியாத யாரோ ஒருவர் வீட்டு முகவரிதான்.

அன்றிரவே நானும் தம்பியும் எங்கள் கணினியைச் சோதித்தோம். அந்த ஆறு பெயர்களில் எதுவும் இல்லை, அப்பாடா என்றிருந்தது. ஆனால், அதிலிருந்த விபிஎன்னை நடத்துவது யார், எந்த நாட்டு நிறுவனம் என்று தேடினால் ஒரு மின்னஞ்சல் முகவரியைத் தவிர வேறெதுவும் கிடைக்கவில்லை. நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்த பாட்டி கேட்டார்: “ஏன்டா, காசே வாங்காம குடுக்கிறானே, அவனுக்குச் சாப்பாடு எங்கேருந்து வருது?”

விபிஎன் வாங்க நினைப்பவர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

விபிஎன் எனப்படும் மெய்நிகர் தனியார் கட்டமைப்பு செய்யும் வேலை எளிமையானது. நம் கணினியிலிருந்து புறப்படும் தரவைப் பூட்டி, விபிஎன் நிறுவனத்தின் கணினிக்கு அனுப்புகிறது. அங்கிருந்துதான் அது வெளியே செல்கிறது. இணையத்தளத்துக்குத் தெரிவது அந்தக் கணினியின் முகவரி மட்டுமே. நம் இணையச் சேவை நிறுவனத்துக்கும் நாம் எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பது தெரியாது. ஆனால் அந்த விவரம் காற்றில் கரைந்துவிடவில்லை. அது இப்போது விபிஎன் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. ஒருவரிடமிருந்து மறைத்ததை இன்னொருவரிடம் ஒப்படைக்கிறோம். அந்த இன்னொருவர் யார் என்பதே கேள்வி.

பெரிய நிறுவனம் என்றால் நம்பலாமா? 2013ல் ஃபேஸ்புக் வாங்கிய ‘ஒனாவோ’ நிறுவனம், தரவைப் பாதுகாக்கும் என்று சொல்லி இலவச விபிஎன் செயலியை வழங்கியது. பயனாளர்கள் எந்தெந்தச் செயலிகளை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்ற விவரம் ஃபேஸ்புக்கின் வர்த்தக ஆய்வுக்குப் போனது. 2023 ஜூலையில் ஆஸ்திரேலிய நீதிமன்றம் இதற்காக 20 மில்லியன் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. ‘ஹோலா’ என்ற மற்றோர் இலவசச் சேவை பயனாளர்களின் இணைய இணைப்பையே தன் துணை நிறுவனத்தின் வழியாக விற்றது 2015ல் அம்பலமானது.

எல்லா இலவசச் சேவையும் இப்படி என்று சொல்லமாட்டேன். சுவிட்சர்லாந்தின் ‘புரோட்டான்’ இலவச விபிஎன் வழங்குகிறது. கட்டணம் செலுத்தும் வாடிக்கையாளர்களே அதன் செலவைத் தாங்குகிறார்கள் என்று அந்நிறுவனம் வெளிப்படையாகவே சொல்கிறது. பாட்டியின் கேள்விக்கு அங்கே பதில் இருக்கிறது.

காசு கொடுத்து வாங்கினாலும் ஏமாற வாய்ப்புண்டு. ‘எந்தப் பதிவும் வைத்திருப்பதில்லை’ என்ற வாசகம் இல்லாத விபிஎன் விளம்பரத்தை நான் பார்த்ததில்லை. அப்படிச் சொன்ன ‘பியூர்விபிஎன்’, 2017ல் இணையத் துன்புறுத்தல் வழக்கு ஒன்றில் எஃப்பிஐக்குப் பதிவுகளைக் கொடுத்தது. அந்த வழக்கில் குற்றவாளி பிடிபட்டது நல்லதே. ஆனால் சொன்னது ஒன்று, இருந்தது ஒன்று. மாறாக, 2023 ஏப்ரலில் சுவீடன் காவல்துறை சோதனை ஆணையுடன் ‘முல்வாட்’ அலுவலகத்துக்குச் சென்று, வாடிக்கையாளர் விவரம் எதுவுமின்றித் திரும்பியது. முல்வாட் கணக்கு தொடங்கப் பெயரோ மின்னஞ்சலோ கேட்பதில்லை. ஓர் எண் மட்டும் தருகிறது. மாதம் ஐந்து யூரோ. இல்லாத பட்டியலை யாரும் கேட்டு வாங்கமுடியாது.

இந்திய முகவரி வேண்டும் என்று விபிஎன் தேடும் நம்மவர்களுக்கு இன்னொரு செய்தி. 2022 ஏப்ரல் 28ஆம் தேதி இந்தியாவின் கணினி அவசர நடவடிக்கைக் குழுவான ‘செர்ட்-இன்’ ஓர் ஆணை பிறப்பித்தது. வாடிக்கையாளர்களின் பெயர், முகவரி, தொடர்பு எண் போன்றவற்றை விபிஎன் நிறுவனங்கள் ஐந்தாண்டுகளுக்கு வைத்திருக்கவேண்டும் என்றது அது. எக்ஸ்பிரஸ்விபிஎன், நோர்டுவிபிஎன், சர்ஃப்ஷார்க் ஆகியவை இந்தியாவிலிருந்த தங்கள் கணினிகளை அகற்றிவிட்டன. எக்ஸ்பிரஸ்விபிஎன் தன் வாடிக்கையாளர்களுக்கு அதற்குப் பதிலாகக் கொடுத்தது ‘இந்தியா, சிங்கப்பூர் வழியாக’ என்ற தெரிவு. முகவரி இந்தியா, கணினி இருப்பது சிங்கப்பூரில். பிடோக்கில் உட்கார்ந்து ‘இந்தியா’வை அழுத்தினால், தரவு இந்தத் தீவைத் தாண்டாமலே இந்தியாவாகிவிடும்! தம்பி இதைக் கேட்டு வெகுநேரம் சிரித்தான்.

சரி, மாணவர்களுக்கு விபிஎன் தேவையா? என் கருத்தில், பலருக்குத் தேவையில்லை. இன்று பெரும்பாலான இணையத்தளங்கள் தாமாகவே தரவைப் பூட்டி அனுப்புகின்றன. பிடோக் நூலகத்தின் பொது வைஃபையில் வங்கிக் கணக்கைத் திறந்தால் பக்கத்து மேசைக்காரர் மறைச்சொல்லைப் பார்த்துவிடுவார் என்று பயமுறுத்தும் விளம்பரங்கள் பத்தாண்டுப் பழைய கதையைச் சொல்கின்றன. போலி இணைப்பை நாமே அழுத்தினால் விபிஎன் காப்பாற்றாது. 2024ல் மட்டும் சிங்கப்பூரில் மோசடிகளால் இழந்த தொகை 1.1 பில்லியன் வெள்ளி. விபிஎன்னைப் பயன்படுத்துவது இங்குக் குற்றமில்லை. ஆனால் அதன்வழி சட்டவிரோதச் சூதாட்டத் தளத்துக்குப் போவது குற்றமாகவே இருக்கும். வெளிநாட்டிலிருந்து ஆய்விதழ்களைப் படிக்க விபிஎன் வேண்டுமென்றால், பல பல்கலைக்கழகங்கள் மாணவர்களுக்குச் சொந்தமாகவே ஒன்றை வைத்திருக்கின்றன. வாங்குமுன் அங்கே கேளுங்கள்.

என் மடிக்கணினிக்கு நான் ஒன்று வாங்கினேன். மாற்றுக்கல்விப் பயணத்தின்போது விடுதி வைஃபைகளை நம்ப மனம் வரவில்லை, அவ்வளவுதான். நிறுவனத்தின் உரிமையாளர் யார் என்று முதலில் தேடினேன். எக்ஸ்பிரஸ்விபிஎன், சைபர்கோஸ்ட், பிரைவேட் இன்டர்நெட் ஆக்செஸ் மூன்றுமே ‘கேப் டெக்னாலஜிஸ்’ என்ற ஒரே நிறுவனத்துக்குச் சொந்தம் என்பது அப்போதுதான் தெரிந்தது. வெளியாரின் தணிக்கை அறிக்கை இருக்கிறதா, விபிஎன் இணைப்பு அறுந்தால் இணையத்தையே நிறுத்திவைக்கும் ‘கில் சுவிட்ச்’ கணினிச் செயலியில் இருக்கிறதா, ‘வயர்கார்ட்’ தொழில்நுட்பம் இருக்கிறதா என்று பார்த்தேன். வயர்கார்டின் நிரல் சிறியது, வேகமும் அதிகம். 2020ல் லினக்ஸ் அதைத் தன் மையத்திலேயே சேர்த்துக்கொண்டது. இரண்டு ஆண்டுக்குச் சேர்த்துக் கட்டினால் பெருந்தள்ளுபடி என்ற வலையில் விழாமல் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டினேன். தள்ளுபடி முடிந்ததும் தானாகப் புதுப்பிக்கப்படும் விலை, சிறிய எழுத்தில் கீழே இருக்கும். படித்துவிடுங்கள்.

வீட்டுக் கணினியில் இருந்ததைத் தம்பி முழுவதுமாக அழித்து, இயங்குதளத்தைப் புதிதாக நிறுவினான். அரை நாள் பிடித்தது. அப்பா முணுமுணுத்துக்கொண்டே உள்ளூர்ச் சந்தாவைக் கட்டினார். இடையில் பாட்டி இரண்டு வாரத் தொடரைத் தவறவிட்டார். திரும்பப் பார்க்கத் தொடங்கிய அன்று, கதை நின்ற இடத்திலேயேதான் நிற்கிறது என்றார்.