சாவியைக் கொடுத்தால் கடமை தீர்ந்ததா?

நம்மில் பெரும்பாலோர் ஆயுளில் ஒரே ஒரு முறைதான் வீடு கட்டுகிறோம். வளைகுடா நாடுகளின் வெயிலில் பல்லாண்டுகள் உழைத்துச் சேர்த்த பொருளும், இல்லத்தரசி நகையை விற்றுக் கொடுத்த பணமும் அந்தச் சுவர்களுக்குள் அடங்கியிருக்கின்றன. அந்த வீடு முதல் மழையிலேயே ஒழுகினால் அக்குடும்பத்தின் மனம் என்ன பாடுபடும்? கட்டிக் கொடுத்தவரைத் தேடினால் அவர் தொலைபேசியை எடுப்பதில்லை. எடுத்தாலும், "புது வீடென்றால் அப்படித்தான் இருக்கும்" என்று கூறி வைத்துவிடுகிறார். கட்டடத் தொழிலில் உள்ள சகோதரர்கள் இதைச் சற்றே சிந்திக்க வேண்டும்.

சட்டம் கூறுவது

கட்டட மனை விற்பனை ஒழுங்குமுறைச் சட்டம் 2016-இன் 14-ஆவது பிரிவு, வீடுகளைக் கட்டி விற்பவரின் பொறுப்பைத் தெளிவாக வரையறுத்துள்ளது. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைத் தரத்திலோ குறை இருப்பதாகத் தெரிவிக்கப்பட்டால், 30 நாட்களுக்குள் தம் செலவிலேயே அவர் அதைச் சீர்செய்ய வேண்டும். தவறினால் வாங்கியவர் இழப்பீடு பெற உரிமையுடையவர்.

சொந்த மனையில் ஒப்பந்தக்காரரிடம் கட்டச் சொன்னவருக்கும் வழியுண்டு. வீட்டுவசதி தொடர்பான பணியும் 'சேவை'யே என்று லக்னோ வளர்ச்சிக் குழும வழக்கில் 1993-இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-உம் வீடு கட்டுதலைச் சேவையாகவே ஏற்கிறது. பிரச்சினை எழுந்த 2 ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம்.

முறையீடு வந்தால்

வழக்கு வரை போகாமல் தடுப்பது கட்டுநரின் கையில்தான் இருக்கிறது. முறையீடு வந்த தேதியை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். எந்த நாளில் வருவீர்கள் என்பதைச் சொல்லி, அந்த நாளில் தவறாது செல்லுங்கள். கொத்தனாரை மட்டும் அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளாமல், பொறியாளருடன் நீங்களே நேரில் பாருங்கள்.

அடுத்து, காரணத்தைக் கண்டறியுங்கள். பூச்சில் தோன்றும் மயிரிழை விரிசல் வேறு; சுவரை ஊடுருவிக் குறுக்காக ஓடும் விரிசல் வேறு. விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதியை எழுதி வைத்தால், அது வளர்கிறதா என்பது சில வாரங்களில் தெரிந்துவிடும். கூரையில் ஓதம் கண்டால் அதன்மேல் சாயம் பூசி மறைப்பது தீர்வாகாது. மேலே குளியலறை இருப்பின் அதன் வடிகாலை அடைத்து, தரையில் ஒரு நாள் நீரைத் தேக்கிப் பார்த்தால் கசிவின் மூலம் பெரும்பாலும் புலப்படும்.

உங்கள் பொறுப்பில் வருவது எது, வராதது எது என்பதைக் காரணத்துடன் எழுத்தில் கொடுங்கள். வராது என்று சொல்ல நேர்ந்தாலும் மரியாதையோடு சொல்லுங்கள். சீர்செய்த பின், அடுத்த மழைக்குப் பிறகு ஒருமுறை சென்று பார்த்து வாருங்கள்.

வீட்டுக்காரர் கடமை

வீட்டுக்காரருக்கும் கடமைகள் உண்டு. மொட்டைமாடி மழைநீர்க் குழாயைச் சருகுகள் அடைத்து நீர் தேங்கினால், அக்குற்றத்தைக் கட்டியவர் மீது சுமத்துவது நியாயமன்று. குறையைப் புகைப்படத்துடன் எழுத்து மூலம் தெரிவியுங்கள். கட்டியவர் வந்து பார்க்கும் முன்னர் வேறோர் ஆளை வைத்து உடைத்துவிடாதீர்கள். உடைத்தபின் குறை யாருடையது என்று நிறுவுவது கடினம்.

பிறர் நம்பி ஒப்படைத்த பொருள் அமானிதம். வீடு கட்டக் கொடுத்த பணமும் அவ்வாறே. ஒழுகும் கூரையைத் தாமதமின்றிச் சரிசெய்து கொடுத்தவரின் பெயரை அந்தக் குடும்பம் உறவினரிடமும் அண்டை வீட்டாரிடமும் நன்றியுடன் சொல்லும். முகங்கொடுக்காமல் ஒளிந்தவரின் பெயரும் அதே வீடுகளில் பேசப்படும். இவ்விரண்டில் எப்பெயர் தமக்கு வேண்டும் என்பதை, முறையீடு வந்த அன்றே கட்டுநர் முடிவு செய்துகொள்ளட்டும்.