தீவுப் பயணமும் மருந்து வேளையும்

விடுமுறைக் காலம் நெருங்கும்போது எங்கள் புறநோயாளர் பிரிவில் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு. “டாக்டர், அடுத்த வாரம் சிங்கப்பூர் போகிறோம். அப்பாவுக்கு மாத்திரையை நம்ம ஊர் மணிக்குக் கொடுப்பதா, அந்த ஊர் மணிக்குக் கொடுப்பதா?” பேரக் குழந்தையைப் பார்க்கச் செல்லும் பெரியோர், பினாங்குத் தைப்பூசத்திற்குச் செல்வோர், அந்தமானுக்கோ மாலத்தீவுக்கோ சுற்றுலா செல்வோர் எனப் பலருக்கும் இந்த ஐயம் எழுகிறது. கேள்வி சிறியதாகத் தோன்றினும், இன்சுலின் போடுவோருக்கும் வலிப்பு நோய்க்கு மருந்து உண்போருக்கும் இதற்கான விடை மிக முக்கியமானது.

கடிகாரம் வேறு, சூரியன் வேறு

பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிடங்கள் ஆகின்றன. ஆகவே கிழக்கே உள்ள ஊரில் பொழுது முன்னதாக விடிகிறது. மேற்கே உள்ள ஊரில் பின்னதாக விடிகிறது. ஆயினும் கடிகாரம் காட்டும் மணி, அந்தந்த நாடு தன் வசதிக்கேற்ப வகுத்துக்கொண்டதேயாகும்.

இதற்கான சான்று நந்தனத்திற்கு அருகிலேயே உள்ளது. நுங்கம்பாக்கத்தில் 1792-இல் அமைந்த சென்னை வானாய்வகத்தின் கருங்கல் தூண் ஒன்று, இன்றும் கல்லூரிச் சாலை வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. அங்குப் பணியாற்றிய வானியலாளர் ஜான் கோல்டிங்காம், 1802-இல் சென்னையின் நேரம் கிரீன்விச் நேரத்தைவிட 5 மணி 21 நிமிடம் முந்தியது எனக் கணித்தார். அந்த ‘மெட்ராஸ் நேரம்’தான் நெடுங்காலம் இந்திய ரயில்களின் நேரமாகவும் விளங்கியது. 1906 ஜனவரி 1 முதல், கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி நேரம் முந்திய இந்தியச் சீர்நேரம் நடைமுறைக்கு வந்தது. சூரியன் உதிப்பதில் எந்த மாற்றமும் இல்லை. சென்னையின் கடிகாரம் மட்டும் ஏறத்தாழ ஒன்பது நிமிடம் முன்னே நகர்ந்தது.

எந்தத் தீவில் என்ன மணி?

சென்னையில் பகல் 12 மணி எனில், நம்மவர் அதிகம் செல்லும் தீவுகளில் மணி இவ்வாறிருக்கும்:

- சிங்கப்பூர், பினாங்கு, பாலி: பிற்பகல் 2.30
- அந்தமான்: பகல் 12
- இலங்கை: பகல் 12
- மாலத்தீவு: முற்பகல் 11.30
- மொரீஷியஸ்: முற்பகல் 10.30

இவற்றுள் இரண்டைப் பற்றிச் சிறிது விளக்கம் தேவை. இலங்கையில் 1996 முதல் 2006 வரை கடிகாரம் நம்முடையதைவிட முந்தி ஓடியது. 2006 ஏப்ரலில் அந்நாடு மீண்டும் ஐந்தரை மணி நேரக் கணக்கிற்குத் திரும்பிவிட்டது. முன்னர் கொழும்புக்குச் சென்று வந்தோர் அந்தப் பழைய அரை மணி நேர வேறுபாட்டை இப்போது கணக்கில் கொள்ள வேண்டியதில்லை. மாலத்தீவிலோ, சில சுற்றுலா விடுதித் தீவுகள் தலைநகர் மாலேயின் நேரத்திற்கு ஒரு மணி முந்திய தனி ‘தீவு நேரத்தை’ வைத்துக்கொள்கின்றன. உணவும் படகும் அந்தக் கணக்கிலேயே வரும். விடுதியில் நுழைந்தவுடன் இதனைக் கேட்டறிதல் நன்று.

மருந்து எதை எண்ணுகிறது?

உடலுக்குள் சென்ற மருந்து கடிகார முள்ளைப் பார்ப்பதில்லை. முந்தைய வேளைக்கும் அடுத்த வேளைக்கும் இடையே எத்தனை மணி நேரம் கழிந்தது என்பதே அதன் கணக்கு. சில மருந்துகளுக்கு உணவும் கணக்கில் சேரும். இந்த ஓர் உண்மையை மனத்தில் கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். காலை 7.30, இரவு 7.30 என நாளுக்கு இருவேளை கலவை இன்சுலின் போடும் முதியவர் ஒருவர், இரவு 11 மணி விமானத்தில் சிங்கப்பூர் செல்கிறார் எனக் கொள்வோம். புறப்படும் முன் வீட்டில் 7.30-க்கு இன்சுலின் போட்டு உணவும் உண்டுவிட்டார். நான்கு மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலான பயணத்திற்குப் பின் அவர் இறங்கும்போது அங்கே காலை ஆறு மணியை நெருங்கியிருக்கும். மகள் வீட்டில் 7.30-க்குச் சிற்றுண்டி. வழக்கம்போல் ‘ஏழரை மணி ஊசி’ போடப்படுகிறது. ஆனால் அப்போது சென்னையில் மணி அதிகாலை ஐந்துதான். பன்னிரண்டு மணி நேர இடைவெளி ஒன்பதரை மணி நேரமாகச் சுருங்கிவிட்டது. முந்தைய ஊசியின் எஞ்சிய வேகமும் புதிய ஊசியின் வேகமும் ஒன்றுசேரும். தூக்கமின்மையால் அவர் குறைவாக உண்டிருக்கவும் கூடும். இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்துபோக இதுவே போதும்.

இதனைத் தவிர்ப்பது எளிது. முதல் நாள் மட்டும் சிற்றுண்டியையும் இன்சுலினையும் சேர்த்தே ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிவைக்கலாம். அல்லது அந்த ஒரு வேளை அளவை மட்டும் மருத்துவர் குறைத்துத் தரலாம். எது பொருந்தும் என்பது ஒவ்வொருவரின் சர்க்கரை அளவையும் சிறுநீரக நிலையையும் பொறுத்தது. ஆதலால் பயணத்திற்கு இரு வாரம் முன்னரே தங்கள் மருத்துவரிடம் கேட்டு, அந்த முதல் நாளுக்கான அளவை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வருகையில் நாள் இரண்டரை மணி நேரம் நீளும். அப்போது சர்க்கரை சற்றே உயரக்கூடும். அதற்காகத் தாமாகவே கூடுதல் ஊசி போடுதல் கூடாது.

விமானத்தில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. உணவுக்கு முன் போடும் விரைவு இன்சுலினை, உணவுத் தட்டு கைக்கு வந்த பின்னரே போடுங்கள். அறிவிப்பைக் கேட்டுப் போட்டுவிட்டு, விமானம் குலுங்கி உணவு தாமதமானால் ஆபத்து நேரும்.

பிற மருந்துகள்

தைராய்டு மாத்திரை உடலில் பல நாட்கள் தங்குவது. ஆகவே சேர்ந்த ஊரின் காலையில், வெறும் வயிற்றில், வழக்கம்போல் உண்ணலாம். நாளுக்கு ஒரு முறை உண்ணும் பெரும்பாலான இரத்த அழுத்த, கொழுப்பு மாத்திரைகளுக்கும் இரண்டரை மணி நேர மாற்றம் பொருட்டன்று. வார்ஃபரின், அசினோகுமரால் போன்ற இரத்த உறைவுத் தடுப்பு மாத்திரைகளை உள்ளூர் மாலைக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஒரே நாளில் இரு முறை உண்டுவிடக் கூடாது.

வலிப்பு நோய் மருந்து, மாற்றுச் சிறுநீரகம் அல்லது கல்லீரல் பெற்றோர் உண்ணும் டாக்ரோலிமஸ், பார்க்கின்சன் நோய்க்கான லெவோடோபா ஆகியன இடைவெளி பிசகலாகாதவை. குறுகிய பயணமாயின் இவற்றைச் சென்னை நேரத்திலேயே தொடரலாம். அதாவது சிங்கப்பூரில் காலை 8 மணி மாத்திரையை 10.30-க்கு உண்ணலாம். பல வாரம் தங்குவோர் நாளுக்கு அரை மணி அல்லது ஒரு மணி என மருத்துவர் அறிவுரைப்படி நகர்த்திக்கொள்ளலாம். வலிப்பு உள்ளோர்க்கு உறக்கக் குறைவே வலிப்பைத் தூண்டும் என்பதால், இரவு விமானத்தைவிடப் பகல் விமானம் உகந்தது.

கடிகாரம் மாறாத தீவிலும் கவனம் தேவை

அந்தமானில் மணி மாறாதே, பின் என்ன கவலை எனத் தோன்றலாம். ஆனால் அத்தீவு சென்னைக்குக் கிழக்கே பன்னிரண்டு பாகைக்கும் மேல் தள்ளியுள்ளது. அதே கடிகாரத்தில் அங்கே சூரியன் சுமார் 50 நிமிடம் முன்னதாக நண்பகலை எட்டிவிடும். மே மாதத்தில் காலை ஐந்து மணி அளவிலேயே விடிந்துவிடும். மாலை ஆறு மணிக்குள் இருட்டிவிடும். படகுகளும் சுற்றுலா வண்டிகளும் அதிகாலையிலேயே புறப்படுவதால், சிற்றுண்டிக்கு முன்பே கிளம்ப நேரிடலாம். சர்க்கரை மாத்திரையை உண்டுவிட்டு உணவைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் எனப் படகேறுவது தகாது. மறதி நோய் உள்ள முதியோருக்கு அந்தி வேளையில் குழப்பம் மிகுவதுண்டு. அங்கே அந்தி முன்னதாகவே வருவதால், உடனிருப்போர் மாலை நான்கு மணிக்கே அறைக்குத் திரும்பி விளக்கேற்றி வைத்தல் நலம்.

சிங்கப்பூரில் நிலைமை இதற்கு நேர்மாறானது. அங்கே ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஏழு மணிக்குத்தான் பொழுது விடிகிறது. அதிகாலையில் நடைப்பயிற்சி செய்து பழகிய பெரியவர்கள் உள்ளூர்க் கடிகாரத்தின்படி ஐந்தரைக்கே கிளம்பினால், இருளில் தெரியாத பாதையில் தடுக்கி விழ நேரலாம். உடலின் உறக்கக் கடிகாரம் பொதுவாக நாளுக்கு ஒரு மணி நேர அளவில் இசைந்துகொள்ளும். காலை வெயிலில் அரை மணி நடந்தால் அந்த இசைவு எளிதாகும். இரண்டு மூன்று நாளில் உறக்கம் சீராகும்.

உடனிருப்போர் கவனத்திற்கு

- ஒரே தாளில் மருந்தின் பெயர், அளவு, சென்னை மணி, சேரும் ஊர் மணி ஆகிய நான்கையும் எழுதுங்கள். ஒவ்வொரு வேளையும் கொடுத்தவுடன் குறியிடுங்கள்.
- விமானம் இறங்கியதும் கைபேசி தானாகவே உள்ளூர் நேரத்திற்கு மாறிவிடும். அதிலுள்ள அலாரமும் உடன் மாறும். கைக்கடிகாரம் மாறாது. ஒன்றைப் பார்த்து அம்மாவும் மற்றொன்றைப் பார்த்து மகனும் மருந்து கொடுத்தால் ஒரே வேளை இரு முறையாகிவிடும். மருந்துப் பொறுப்பை ஒருவரே ஏற்க வேண்டும்.
- சர்க்கரை அளவுமானி, இன்சுலின் பம்பு ஆகியவற்றின் நேரத்தை எப்போது மாற்றுவது என்பதை முன்னரே கேட்டறியுங்கள்.
- மருந்துகளையும் இன்சுலினையும் கைப்பையிலேயே வையுங்கள். சரக்கு அறைக் குளிரில் இன்சுலின் உறைந்து பயனற்றுப் போகலாம். மருத்துவரின் மருந்துச் சீட்டும் உடன் இருக்கட்டும்.
- முதல் இரு நாட்கள் கூடுதலாக ஓரிரு முறை சர்க்கரை அளவைப் பாருங்கள். வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சில் தடுமாற்றம் தோன்றினாலோ, அளவு 70-க்குக் கீழ் இருந்தாலோ, 15 கிராம் குளுக்கோஸ் அல்லது மூன்று தேக்கரண்டி சர்க்கரை கரைத்த நீர் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவ உதவியை அழையுங்கள்.
- ஒரு வேளை கொடுத்தோமா இல்லையா என ஐயம் எழுந்தால், இன்சுலினையும் இரத்த உறைவுத் தடுப்பு மருந்தையும் ஊகத்தில் மீண்டும் கொடுத்துவிடாதீர்கள். சர்க்கரையைப் பார்த்துவிட்டு மருத்துவரைத் தொலைபேசியில் கேளுங்கள்.

நோய் இருக்கிறது என்பதற்காகப் பேரனின் பெயர்சூட்டு விழாவையோ, நெடுநாள் எண்ணிய பயணத்தையோ கைவிட வேண்டியதில்லை. பயணச்சீட்டு எடுத்த கையோடு, விமானம் புறப்படும் மணியையும் சேரும் மணியையும் குறித்துக்கொண்டு, தற்போது உண்ணும் மருந்துகள் அனைத்துடனும் தங்கள் மருத்துவரை வந்து காணுங்கள். பத்து நிமிடத்தில் அந்த ஒரு தாளை நாம் சேர்ந்தே எழுதிவிடலாம்.