உதிரி பாகம் எங்கே ஒளிந்திருக்கிறது?

புதிதாகக் கல்யாணமான பெண் புக்ககத்துச் சமையலறையில் முதல் நாள் நுழைந்தால் என்ன பாடுபடுவாள் என்று நமக்குத் தெரியும். உப்பு எங்கே, புளி எங்கே என்று ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்க்க வேண்டும். சகோதரிகளே, இருபது வருஷம் புழங்கிய சொந்தச் சமையலறையிலேயே ஒரு நாள் காலையில் அப்படி ஆகிவிட்டால் எப்படி இருக்கும்? யாரோ ராத்திரியில் வந்து அலமாரிகளுக்கு அழகாகப் பெயின்ட் அடித்து, டப்பாக்களையெல்லாம் இடம் மாற்றி, பாதியைப் பரணில் தூக்கிப் போட்டுவிட்டுப் போனால்? கம்பெனிகள் தங்கள் வெப்சைட்டைப் 'புதுப்பித்து' விட்டோம் என்று பெருமையாக அறிவிக்கும்போதெல்லாம் எனக்கு அப்படித்தான் இருக்கிறது.

நான் வீட்டிலிருந்தே தைத்துக் கொடுப்பவள். ரவிக்கை, பாவாடை, மே மாதக் கடைசியில் பள்ளிக்கூட யூனிஃபார்ம். என்னிடம் இரண்டு மிஷின்கள். ஒன்று அம்மா கொடுத்த கறுப்பு மிதி மிஷின். இன்னொன்று 2011-ல் சீட்டுப் பணத்தில் வாங்கிய மோட்டார் வைத்த ஜிக்ஜாக் மிஷின். இந்த இரண்டாவது மிஷினுக்கு ஏதாவது வேண்டுமென்றால் கம்பெனி வெப்சைட்டைத்தான் பார்க்க வேண்டும்.

பழைய வெப்சைட் பார்க்க லட்சணமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். சாம்பல் கலர், பொடிப்பொடி எழுத்து. ஆனால் அதில் மாடல்களின் பட்டியல் ஒன்று இருந்தது. நம் மாடலைத் தொட்டால், மிஷினை அக்கு அக்காகக் கழற்றிப் பாயில் பரப்பி வைத்த மாதிரி ஒரு கோட்டுப் படம் வரும். ஒவ்வொரு சாமானுக்கும் பக்கத்தில் ஒரு நம்பர். கீழே அந்த நம்பருக்கு நேராகப் பாகத்தின் எண்ணும் விலையும் இருக்கும். இதில் எனக்குப் பிடித்ததே, சாமானின் பெயர் தெரிய வேண்டாம் என்பதுதான். கையில் உடைந்த துண்டை வைத்துக்கொண்டு, படத்தில் அதே மாதிரி எது இருக்கிறது என்று பார்த்தால் போதும்.

புது வெப்சைட்டில் பக்கம் முழுக்கச் சிரித்த முகத்தோடு ஒரு பெண். மிஷின் பக்கத்தில் காபிக் கோப்பை. (தைக்கிற மேஜையில் காபியை வைப்பவளை எந்தத் தையல்காரி தன் மிஷினைத் தொட விடுவாள்?) கோட்டுப் படங்களைக் காணோம். பழைய மாடல்களையும் காணோம். அவற்றுக்குப் பதில் 'எதைத் தேடுகிறீர்கள்?' என்று கேட்கும் ஒரு கட்டம். அதற்குப் பெயர் சொல்ல வேண்டும், அதுவும் இங்கிலீஷில். துணியைப் பின்னால் தள்ளும் பல்லுக்கு 'ஃபீட் டாக்' என்று பெயராம். நாய் அதில் எங்கிருந்து வந்ததோ! சரி, தெரிந்த பெயரான 'பாபின் கேஸ்' என்று அடித்தேன். நாற்பதாயிரம் ரூபாய் எம்பிராய்டரி மிஷினைக் காட்டுகிறது.

இது ஏதோ பொழுது போகாதவளின் முணுமுணுப்பு என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் காலனியில் ஒரு பெண் இருக்கிறாள். கணவர் போன பிறகு தையலை நம்பித்தான் இரண்டு குழந்தைகளைப் படிக்க வைக்கிறாள். அவளிடமும் என்னுடைய அதே மாடல் மிஷின். 2023 மே மாதம், யூனிஃபார்ம் துணி மூட்டை மூட்டையாக வந்து இறங்கியிருந்த சமயம், ஷட்டிலின் கொக்கி முனை உடைந்துவிட்டது. கொக்கி நூலைப் பிடித்தால்தானே தையல் விழும்? ரிப்பேர்காரர் பார்த்துவிட்டு, "இது பழைய மாடலும்மா. பார்ட் வராது. எக்ஸ்சேஞ்ச்ல போட்டுட்டுப் புதுசு எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டார். எக்ஸ்சேஞ்சுக்கு ஆயிரத்து ஐந்நூறு கொடுப்பார்களாம். புதியது பதினாறாயிரம். அவள் மகளிர் குழுவில் கடன் கேட்க மனு எழுதிக்கொண்டு வந்து, "அக்கா, எழுத்துப் பிழை இருக்கா பாருங்க" என்று என்னிடம் நீட்டினாள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மோட்டார் நன்றாக இருக்கிறது, உடம்பு நன்றாக இருக்கிறது. சுண்டுவிரல் நீள இரும்புத் துண்டுக்காகப் பதினாறாயிரம் கடனா?

அந்த வாரம் என் அண்ணன் மகன் வந்திருந்தான். அவனுக்குக் கம்ப்யூட்டர் வேலை. "அத்தை, பழைய வெப்சைட்டையே பார்க்கலாம்" என்றான். அமெரிக்காவில், சான்பிரான்சிஸ்கோவில், 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' என்று லாப நோக்கமில்லாத ஒரு நூலகம் இருக்கிறது. 1996-லிருந்து உலகத்திலுள்ள வெப்சைட்டுகளை அவ்வப்போது நகல் எடுத்துச் சேர்த்து வைக்கிறார்கள். 2001-லிருந்து 'வேபேக் மெஷின்' என்ற பெயரில் யார் வேண்டுமானாலும் அதைக் காசில்லாமல் பார்க்கலாம். கம்பெனி வெப்சைட்டின் முகவரியை அதில் கொடுத்தால் ஒரு காலண்டர் வரும். பழைய தேதி ஒன்றைத் தொட்டால் அன்றைக்கு அந்தப் பக்கம் எப்படி இருந்ததோ அப்படியே திறக்கிறது. எல்லாப் பக்கமும் இருக்காது. சில சமயம் எழுத்து வரும், படம் வராது. தேடும் கட்டமும் வேலை செய்யாது. ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டுதான் போக வேண்டும். எங்களுக்கு 2019-ம் வருஷத்துப் பக்கத்தில் அந்தச் சாம்பல் கலர்ப் படம் கிடைத்தது. ஊரில் தொலைந்த பிள்ளையைக் கண்ட மாதிரி இருந்தது.

பாகத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டு கம்பெனிக்குப் போன் செய்தோம். மாடல் பெயரை மட்டும் சொன்னபோது "அது நின்றுவிட்டது மேடம்" என்றவர்கள், எண்ணைச் சொன்னதும், அதற்கு இப்போது வேறு எண் மாறியிருக்கிறது, ஸ்டாக் இருக்கிறது என்றார்கள். ஆறாவது நாள் சாமான் வந்தது. தபால் செலவோடு முந்நூற்று எண்பது ரூபாய். அதாவது, சாமான் எங்கேயும் போய்விடவில்லை. அதைக் காட்டும் படம்தான் போய்விட்டது!

"ஏண்டா இப்படிச் செய்கிறார்கள்?" என்று அண்ணன் மகனைக் கேட்டேன். இப்போது முக்கால்வாசிப் பேர் செல்போனில்தான் பார்க்கிறார்கள், அவ்வளவு பெரிய படம் செல்போனில் அடங்காது என்றான். புது வெப்சைட்டைப் போடச் சொல்வது விற்பனைப் பிரிவு, பாகங்களின் கணக்கு இருப்பது சர்வீஸ் பிரிவில், இரண்டு பேரும் ஒருவரையொருவர் கேட்பதில்லை என்றும் சொன்னான். எங்கள் வீட்டில் ஓரகத்திகள் ஒரு காலத்தில் இருந்த கதைதான்!

இதில் வேடிக்கை என்னவென்றால், அம்மாவின் கறுப்பு மிஷினுக்கு எந்த வெப்சைட்டும் வேண்டியதில்லை. அந்த மாதிரி மிஷின்கள் பெரும்பாலும் சிங்கர் கம்பெனியின் 15-ம் வகை என்ற பழைய அமைப்பைப் பின்பற்றியவை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பான்காரர்கள் அதே அமைப்பில் ஏராளமாகச் செய்தார்கள். நம் நாட்டிலும் லூதியானாவில் மிஷினும் உதிரி பாகமும் செய்கிற பட்டறைகள் நிறைய உண்டு. அதனால் பெரிய கடை வீதிப் பக்கம் எந்தத் தையல் சாமான் கடையில் கேட்டாலும், கடைக்காரர் தலை நிமிராமலே டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடுவார். ஒரே அளவு என்பது எவ்வளவு பெரிய சௌகரியம் பாருங்கள்.

ஊசியிலும் இந்த நம்பர் விஷயம் முக்கியம். பாக்கெட்டில் 90/14 என்று போட்டிருந்தால், 90 என்பது ஊசியின் கனம், அதாவது 0.9 மில்லிமீட்டர். 14 என்பது அதே கனத்துக்குப் பழைய கணக்கு. 100/16 அதைவிடத் தடிமன். வீட்டு மிஷின் ஊசியின் தலை ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். ஃபேக்டரி மிஷினுக்கான 'டிபி 1' ஊசியின் தலை முழு உருண்டை. 'யுனிவர்சல்' என்று மட்டும் போட்டு ஊசியின் முனையைப் பெரிதாக்கிப் படம் காட்டினால் நாம் எதைக் கண்டோம்?

குக்கர் விஷயத்தில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். ஐந்து லிட்டர் என்பதால் எல்லா ஐந்து லிட்டர் காஸ்கெட்டும் சேர்ந்துவிடாது. மூடி உள்ளே போகிறதா, வெளியே மூடுகிறதா என்பதைப் பொறுத்தும் கம்பெனியைப் பொறுத்தும் மாறும். சேஃப்டி வால்வு என்பது சூடு மிஞ்சினால் உருகி நீராவியை வெளியே விடுவதற்காக வைத்தது. அந்த இடத்தில் ஏதோ ஒன்று பொருந்திவிட்டது என்று போட்டுவிடக் கூடாது. அதே கம்பெனியின் அதே மாடலுக்கு உரியதையே கேட்டு வாங்குங்கள். இந்த மாதிரி சாமானுக்குக்கூட வெப்சைட்டில் 'உங்களுக்கு இதுவும் பிடிக்கலாம்' என்று வேறொன்றைக் காட்டுகிறார்களே, அதுதான் எனக்குக் கோபம்.

நான் இப்போது செய்து வைத்திருப்பதைச் சொல்கிறேன். மிஷின், மிக்சி, கிரைண்டர் எதுவானாலும் அடியிலோ முதுகிலோ ஒரு தகடு அல்லது ஸ்டிக்கர் இருக்கும். மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் அதில்தான். எண்ணெய் பட்டு அழிவதற்குள் அதை செல்போனில் போட்டோ எடுத்து, மளிகை நோட்டின் கடைசிப் பக்கத்திலும் எழுதிவிட வேண்டும். சாமான் நன்றாக இருக்கும்போதே கம்பெனி வெப்சைட்டில் பாகங்களின் படமோ விளக்கப் புத்தகமோ இருந்தால் இறக்கி, நமக்கு நாமே மெயில் அனுப்பிக்கொள்ளலாம். பள்ளிக்கூடத்துப் பையன்களிடம் சொன்னால் இரண்டு நிமிஷ வேலை. உடைந்த துண்டைத் தூக்கி எறியாதீர்கள். பல பாகங்களில் பொடி எழுத்தில் எண் அடித்திருக்கும். பூதக் கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

கம்பெனி கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று 'ரைட் டு ரிப்பேர்' என்ற வெப்சைட்டையும் தொடங்கியது. விவசாயக் கருவி, செல்போன் மற்றும் மின்னணு சாதனம், வீட்டு உபயோக சாதனம், வாகனம் ஆகிய நான்கு வகைகளுக்கும் கம்பெனிகளின் சர்வீஸ், உதிரி பாகம், வாரண்டி விவரங்களை ஒரே இடத்தில் தரவேண்டும் என்பது நோக்கம். எல்லாக் கம்பெனியும் அதில் சேர்ந்தால் நமக்கு இவ்வளவு அலைச்சல் இருக்காது.

மிஷின் கம்பெனிக்கு நான் ஒரு கடிதமும் போட்டேன். சிரிக்கிற பெண்ணின் படத்தை எடுக்கச் சொல்லவில்லை, பழைய மாடல்களின் கோட்டுப் படத்தையும் ஒரு மூலையில் போடுங்கள் என்றுதான் கேட்டேன். 'உங்கள் மேலான கருத்துக்கு நன்றி' என்று பதில் வந்தது, புது மாடல் விலைப் பட்டியலோடு! இரண்டாவது கடிதம் எழுதி, அந்தக் காலனிப் பெண்ணிடமும் கையெழுத்து வாங்கி அனுப்பியிருக்கிறேன்.