பயன்படுத்திய மகிழுந்தின் சந்தை மதிப்பு

பயன்படுத்திய மகிழுந்தின் (கார்) நியாயமான சந்தை மதிப்பு என்பது, வாங்குபவரும் விற்பவரும் வண்டியின் நிலையைப் போதிய அளவு அறிந்து, நெருக்கடி ஏதுமின்றி ஒப்புக்கொள்ளும் விலை ஆகும். விற்பவர் கேட்கும் விலையும், வணிகர் தர முன்வரும் விலையும், காப்பீட்டு ஆவணத்தில் உள்ள தொகையும் இதனின்று வேறானவை. இவற்றுள் கடைசியானது இந்தியாவில் பலராலும் சந்தை மதிப்பு என்றே தவறாகக் கொள்ளப்படுகிறது.

காப்பீட்டுத் தொகை

ஐ.டி.வி. எனப்படும் இத்தொகை, காப்பீடு தொடங்கும்போதோ புதுப்பிக்கும்போதோ அவ்வகைப் புதிய வண்டிக்கு உள்ள பட்டியல் விலையிலிருந்து வயதுக்கேற்ற தேய்மானத்தைக் கழித்துப் பெறப்படுகிறது. பொதுவாக 6 மாதம் வரை 5%, 1 ஆண்டு வரை 15%, 2 ஆண்டு வரை 20% கழிக்கப்படும். அதன்பின் ஆண்டுக்கு 10% கூடி, 5-ஆம் ஆண்டில் 50% ஆகும். அதற்கும் பழைய வண்டிகளுக்கும் உற்பத்தி நின்ற வகைகளுக்கும் இரு தரப்பும் பேசி முடிவு செய்யும். பட்டியல் விலை 8,00,000 ரூபாயாக உள்ள வண்டிக்கு மூன்றரை ஆண்டு வயதில் இது 4,80,000 ரூபாய்.

இக்கணக்கு வண்டியின் வயதை மட்டுமே அறியும். 20,000 கி.மீ. ஓடியதற்கும் 1,20,000 கி.மீ. ஓடியதற்கும் ஒரே விடையைத் தரும். சாலை வரியும் பதிவுச் செலவும் இதில் சேர்வதில்லை. எனினும் வண்டி களவு போனாலோ, பழுதுநீக்கும் செலவு இத்தொகையில் 75 விழுக்காட்டைத் தாண்டினாலோ, இழப்பீடு இதன் அடிப்படையிலேயே கிடைக்கும். ஆகவே சில நூறு ரூபாய் தவணையை மிச்சப்படுத்த இதைக் குறைத்துக்கொள்வது உரிமையாளருக்கே இழப்பு.

சந்தை விலையைக் கணித்தல்

அதே ஊரில், அதே வகை, ஆண்டு, எரிபொருள் கொண்ட வண்டிகளின் விலைகள் முதலில் ஒப்பிடப்படுகின்றன. விளம்பரங்களில் காண்பவை கேட்கும் விலைகளே. முடியும் விலை பெரும்பாலும் அதற்குக் கீழ். பதிவு ஆண்டைவிட உற்பத்தி ஆண்டே முதன்மையானது: திசம்பரில் உருவாகி சனவரியில் பதிவான வண்டி காகிதத்தில் ஓர் ஆண்டு இளமையாகத் தோன்றும்.

அடுத்து வண்டியின் நிலை. ஓடிய தொலைவைக் காட்டும் மானியைத் திருத்திவிட இயலும் என்பதால், பணிமனைப் பதிவேடுகளுடன் அது ஒப்பிடப்படுகிறது. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண் அது உருவான வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும் (3522 எனில் 2022-இன் 35-ஆம் வாரம்). தேய்ந்த டயர், மின்கலம், கிளட்ச் ஆகியவற்றை மாற்றும் செலவு விலையில் கழிக்கப்படுகிறது. வெள்ளத்தில் மூழ்கியது இவ்வாறு கழித்துத் தீரும் குறையன்று. 2015 திசம்பர் வெள்ளத்தில் சென்னையில் ஏராளமான வண்டிகள் மூழ்கின. இருக்கைப் பட்டையை முழுதும் இழுத்துப் பார்த்தால் சேற்றுக் கறை சில வேளைகளில் புலப்படும். மின்கம்பிகளில் ஏறிய துரு புலப்படாது.

இத்தகைய மறைந்த குறைகளின் விளைவை சியார்ச் அக்கர்லாஃப் 1970-இல் விளக்கினார். நல்லதையும் கெட்டதையும் பிரித்தறிய இயலாதவர் சராசரி விலையே தருவார்; அதனால் நல்ல வண்டி வைத்திருப்போர் விற்கத் தயங்குவர். இவ்வகை ஆய்வுக்காக 2001-இல் பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

வணிகரும் கடனும்

வணிகர் தரும் விலை குறைவாக இருப்பது முழுவதும் ஏமாற்று அன்று. சீரமைப்பு, இடவாடகை, ஆதாயம் ஆகியவற்றோடு, 2025 சனவரி முதல் ஆதாயத் தொகையின் மீது 18% சரக்கு சேவை வரியும் உண்டு. தனியாள் மற்றொரு தனியாளுக்கு விற்கையில் இவ்வரி இல்லை. பதிவுச் சான்றில் வங்கியின் பெயர் இருந்தால் கடன் தீரவில்லை என்றோ, தீர்ந்தும் நீக்கப்படவில்லை என்றோ பொருள். வங்கியின் தடையின்மைச் சான்றும் படிவம் 35-உம் கிடைக்கும் வரை, மீதிக் கடனுக்கு ஈடான தொகையை வாங்குபவர் நிறுத்திவைப்பது வழக்கம்.