திறந்த ஆவண வடிவம்: மென்பொருள் பயில்வோருக்கு ஒரு வாயில்

அரசு அலுவலகம் ஒன்றின் நினைவாற்றல் அதன் ஆவணங்களிலேயே தங்கியுள்ளது. அலுவலர்கள் மாறுகின்றனர், பொறுப்புகள் கைமாறுகின்றன, ஆவணங்களே எஞ்சுகின்றன. காகிதத்தில் எழுதிய காலத்தில், எழுத்தறிந்த எவரும் அவற்றைப் படிக்க முடிந்தது. கணிப்பொறி வந்தபின் இந்நிலை மாறிற்று. இன்று ஓர் ஆவணத்தைப் படிப்பதற்கு மொழியறிவு மட்டும் போதாது. அது எழுதப்பட்ட வடிவத்தைப் புரிந்துகொள்ளும் மென்பொருளும் தேவை. அந்த வடிவத்தின் இலக்கணம் ஒரு நிறுவனத்திடம் மட்டும் இருக்குமாயின், பொதுமக்களின் ஆவணத்திற்குரிய திறவுகோலும் அந்நிறுவனத்திடமே இருப்பதாகும். இக்குறையை நீக்க எழுந்ததே திறந்த ஆவண வடிவம். அதைக் கையாளும் மென்பொருளை உருவாக்கக் கற்பது எங்ஙனம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஸ்ரீரங்கப்பட்டணம் காட்டும் உண்மை

மைசூரு நகருக்கு அருகே காவிரியின் நடுவில் தீவாக அமைந்துள்ள ஸ்ரீரங்கப்பட்டணம், ஆவணப் பாதுகாப்பு பற்றிச் சிந்திப்பதற்கு ஏற்றதோர் ஊராகும். 1799-ஆம் ஆண்டில் கோட்டை வீழ்ந்து திப்பு சுல்தான் உயிர் துறந்தபோது, அவரது நூலகத்தில் சுமார் 2,000 ஏடுகள் இருந்தன. அவற்றுள் ஒரு பகுதி கல்கத்தாவின் வில்லியம் கோட்டைக் கல்லூரிக்கும், மற்றொரு பகுதி லண்டனுக்கும் சென்றன. சார்லஸ் ஸ்டூவர்ட் என்பவர் அந்நூலகத்திற்கு விளக்கப் பட்டியல் ஒன்றைத் தயாரித்து 1809-ஆம் ஆண்டில் வெளியிட்டார். திப்பு தம் கைப்படப் பாரசீக மொழியில் எழுதிய கனவுக் குறிப்பேடு இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது.

ஏடுகள் இடம் பெயர்ந்தன, உடைமை மாறிற்று, அரசே மறைந்தது. ஆயினும் பாரசீக எழுத்தும் இலக்கணமும் எவருக்கும் தனியுரிமையாக இல்லாமையால், இரு நூற்றாண்டுகள் கடந்தும் அவற்றைப் படிக்க முடிகிறது. இதே வட்டத்தைச் சேர்ந்த கோயில் கல்வெட்டுகளுக்கும் இது பொருந்தும். 1890-களில் பி. எல். ரைஸ் அவற்றைப் படியெடுத்து மைசூர் மாவட்டக் கல்வெட்டுத் தொகுதியில் பதிப்பித்தபோது, கல்லைச் செதுக்கியவரின் அனுமதியோ கருவியோ அவருக்குத் தேவைப்படவில்லை. எழுத்துமுறை பொதுச் சொத்தாக இருந்ததே காரணம். கணிப்பொறிக் கோப்புக்கும் இத்தன்மையை அளிப்பதே திறந்த தரத்தின் நோக்கமாகும்.

வடிவம் தோன்றிய வரலாறு

ஜெர்மனி நாட்டின் ஸ்டார் டிவிஷன் நிறுவனம் 'ஸ்டார் ஆபீஸ்' என்னும் அலுவலக மென்பொருளை உருவாக்கியிருந்தது. அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1999-ஆம் ஆண்டில் அதை வாங்கி, 2000-ஆம் ஆண்டில் அதன் மூல நிரலைப் பொதுவில் வெளியிட்டது. அதிலிருந்து பிறந்ததே 'ஓப்பன் ஆபீஸ்'. அதன் கோப்பு வடிவத்தை அடிப்படையாகக் கொண்டு 'ஒயாசிஸ்' என்னும் தர அமைப்பின் குழு 2002-ஆம் ஆண்டு இறுதியில் பணி தொடங்கியது. 2005 மே மாதத்தில் அவ்வமைப்பின் தரமாகவும், 2006-ஆம் ஆண்டில் ஐ.எஸ்.ஓ. 26300 என்னும் பன்னாட்டுத் தரமாகவும் இவ்வடிவம் ஏற்கப்பட்டது. 1.2 பதிப்பு 2011-இலும் 1.3 பதிப்பு 2021-இலும் ஒயாசிஸ் ஒப்புதலைப் பெற்றன.

அலுவலகங்களில் பரவலாக வழங்கிய 'டாக்' வடிவத்தின் விவரக்குறிப்போ 2008-ஆம் ஆண்டில்தான் அனைவருக்கும் தடையின்றிக் கிடைத்தது. அதுவரை பிறர் அதை ஊகித்தே மென்பொருள் எழுத வேண்டியிருந்தது.

இந்தியாவிலும் இப்பொருள் பற்றிய விவாதம் நடைபெற்றது. போட்டி வடிவமான 'ஓ.ஓ.எக்ஸ்.எம்.எல்.' பன்னாட்டுத் தரமாக முன்மொழியப்பட்டபோது, 2007-ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் இந்தியா எதிர்த்து வாக்களித்தது. 2008-ஆம் ஆண்டிலும் அந்நிலையை மாற்றிக்கொள்ளவில்லை. ஆயினும் அவ்வடிவம் அவ்வாண்டில் ஐ.எஸ்.ஓ. 29500 என ஏற்கப்பட்டது. 2010 நவம்பரில் மைய அரசு மின்னாளுகைக்கான திறந்த தரக் கொள்கையை வெளியிட்டது. தரத்தின் விவரக்குறிப்பு இலவசமாகவோ சிறு கட்டணத்திலோ கிடைக்க வேண்டும். காப்புரிமைக்கு உரிமத்தொகை கூடாது. இலாப நோக்கற்ற அமைப்பு அதைப் பேண வேண்டும். இந்திய மொழிகளுக்கு இடமளிக்க வேண்டும் என்பன அதன் முக்கிய நிபந்தனைகளாகும்.

கோப்பின் உள்ளமைப்பு

பயில்வோர் முதலில் அறிய வேண்டியது, திறந்த ஆவணக் கோப்பு என்பது ஒரே கோப்பன்று என்பதாகும். அது 'ஜிப்' முறையில் சுருக்கிக் கட்டிய ஒரு பொதி. கோப்பின் நகல் ஒன்றை எடுத்து, சாதாரண ஜிப் கருவியால் பிரித்தால் உள்ளே பல கோப்புகள் காணப்படும். ஆவணத்தின் உரையைத் தாங்குவது உள்ளடக்கக் கோப்பு. எழுத்தளவு, பத்தி அமைப்பு முதலியவற்றைத் தாங்குவது பாணிக் கோப்பு. ஆசிரியர், தேதி முதலிய விவரங்களைத் தாங்குவது விவரக் கோப்பு. பொதியில் உள்ளவற்றைப் பட்டியலிடுவது உறுப்புப் பட்டியல். இவை எக்ஸ்.எம்.எல். என்னும் குறிமொழியில் எழுதப்பட்டவை. எளிய உரைத் தொகுப்பியில் திறந்து கண்ணால் படிக்கத் தக்கவை. இவற்றுடன், இது கடிதமா, அட்டவணையா, காட்சிப் படமா என்பதை ஒரே வரியில் அறிவிக்கும் சிறு கோப்பொன்றும் உண்டு.

உள்ளடக்கக் கோப்பில் தலைப்புக்கு ஒரு குறி, பத்திக்கு ஒரு குறி, அட்டவணைக்கும் அதன் வரிசைக்கும் கட்டத்திற்கும் தனித்தனிக் குறிகள் உள்ளன. பொருளும் தோற்றமும் இவ்வாறு பிரிக்கப்பட்டுள்ளமையால், நிரல் எழுதுவோர் உரையை மட்டும் எடுக்கலாம். அல்லது உரையைத் தொடாமல் தோற்றத்தை மட்டும் மாற்றலாம்.

கற்கும் முறை

இத்துறையில் படிப்படியாக முன்னேறுவதே பயன் தரும். முதற்படி, ஒரே பத்தி கொண்ட ஆவணத்தை 'லிப்ரே ஆபீஸ்' மென்பொருளில் உருவாக்கி, பொதியைப் பிரித்துப் பார்ப்பது. அடுத்து அதே ஆவணத்தில் ஒரு சொல்லைத் தடித்த எழுத்தாக்கிச் சேமித்து, முன்னதற்கும் பின்னதற்கும் உள்ள வேறுபாட்டை ஒப்பிடுவது. விவரக்குறிப்பைத் தொடக்கம் முதல் இறுதிவரை படிப்பதைவிட, இவ்வொப்பீடு விரைவில் தெளிவு தரும்.

இரண்டாம் படி, படிக்கும் நிரல். பைத்தான் மொழியில் ஜிப் பொதியைத் திறக்கவும் எக்ஸ்.எம்.எல்.-ஐ ஆராயவும் தேவையான பகுதிகள் அம்மொழியுடனேயே வருகின்றன. ஆவணத்தின் தலைப்புகளை மட்டும் திரட்டித் தரும் நிரலைச் சில வரிகளில் எழுதிவிடலாம்.

மூன்றாம் படி, எழுதும் நிரல். ஸ்ரீரங்கப்பட்டணம் வட்டத்தில் அமைந்த கிருஷ்ணராஜசாகர் அணையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அதன் முழு நீர்மட்டம் 124.80 அடி. நாள்தோறும் பதிவாகும் நீர்மட்டம் ஓர் அட்டவணைக் கோப்பில் இருப்பதாகக் கொண்டால், அதைப் படித்து, முழு மட்டத்திற்கு எத்தனை அடி குறைவு எனக் கணக்கிட்டு, வாராந்தர அறிக்கையை ஆவணமாக ஆக்கும் நிரலை மாணவர் எழுதலாம். இதற்குப் பைத்தானில் 'ஓ.டி.எஃப். பை' என்னும் நூலகமும், ஜாவாவில் 'ஓ.டி.எஃப். கருவித் தொகுதி'யும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. நான்காம் படி, உருவாக்கிய கோப்பு தரத்திற்கு இணங்குகிறதா எனச் சரிபார்ப்பான் மூலம் சோதிப்பது. ஒரு மென்பொருளில் கோப்பு திறக்கிறது என்பதாலேயே அது சரியானது என்று கொள்ளலாகாது. சில மென்பொருள்கள் பிழையைத் தாமே சரிசெய்து திறந்துவிடும்.

வழியில் உள்ள இடர்கள்

தொடக்கநிலையினர் வழக்கமாகத் தடுமாறும் இடங்கள் சில உள்ளன. பொதியை மீண்டும் கட்டும்போது, ஆவண வகையை அறிவிக்கும் சிறு கோப்பு முதலாவதாகவும் சுருக்கப்படாமலும் வைக்கப்பட வேண்டும். தொடர்ச்சியான பல இடைவெளிகள் ஒன்றாகவே கருதப்படும்; அவற்றைக் காக்கத் தனிக் குறி தேவை. அட்டவணையில் ஒரே மாதிரியான அடுத்தடுத்த கட்டங்கள் ஒரு முறை மட்டும் எழுதப்பட்டு, இத்தனை முறை என்ற எண்ணால் குறிக்கப்படும். இதை அறியாத நிரல், மூன்று வெற்றுக் கட்டங்களை ஒன்றெனக் கருதி, திங்கட்கிழமை நீர்மட்டத்தை வேறொரு நாளின் கீழ் சேர்த்துவிடும். மேலும், கட்டத்தில் கண்ணுக்குத் தெரியும் எண் வேறு, கணக்குக்குரிய மதிப்பு வேறு; இரண்டும் தனித்தனியே சேமிக்கப்படுகின்றன. 124.8 எனக் காட்சி தரும் கட்டத்தில் 124.76 என்ற மதிப்பு இருக்கக்கூடும்.

அலுவலர்கள் குறிப்பாகக் கருத வேண்டியது மாற்றப் பதிவு பற்றியதாகும். திருத்தங்களைப் பதிவு செய்யும் வசதி இயக்கத்தில் இருந்தால், நீக்கிய வாசகமும் கோப்பினுள் தனிப்பகுதியில் தங்கிவிடும். எல்லா உரையையும் கண்மூடித் திரட்டும் நிரல், கைவிடப்பட்ட வாசகத்தை ஆணையின் பகுதியாகக் காட்டிவிடும். வரைவைப் பிறருக்கு அனுப்புமுன் இதைச் சோதிப்பது கடமையாகும்.

இந்திய மொழிகளின் நிலை

வடிவம் திறந்ததாக இருந்தால் மட்டும் போதுமா என்ற வினா இந்திய மொழிகளைப் பொறுத்தவரை மிக முக்கியமானது. திறந்த ஆவணத்தின் உரை யூனிகோடு குறியீட்டில் அமைவது. ஆனால் நீண்டகாலம் நம் அலுவலகங்களில் ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களின் மேல் இந்திய எழுத்துருக்களைப் போர்த்தும் முறையே வழங்கிற்று. அவ்வாறு தட்டச்சு செய்த கன்னடக் கடிதத்தையோ தமிழ்க் கடிதத்தையோ திறந்த வடிவில் சேமித்தாலும், உரிய எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் அது பொருளற்ற குறிகளாகவே தோன்றும். பெட்டி திறந்திருந்தும் உள்ளே எழுத்து பூட்டப்பட்டிருக்கும்.

தமிழ்நாட்டில் 1999-ஆம் ஆண்டில் 'டாம்', 'டாப்' என்னும் எழுத்துருக் குறியீடுகள் தரப்படுத்தப்பட்டன. 2010-ஆம் ஆண்டில் யூனிகோடும், அனைத்தெழுத்து 16 பிட் குறியீடான 'டேஸ் 16'-உம் அரசின் தரங்களாக ஏற்கப்பட்டன. எனவே பழைய கோப்புகளை மாற்றும்போது வடிவ மாற்றம், குறியீட்டு மாற்றம் ஆகிய இரண்டும் நடைபெற வேண்டும். இம்மாற்றிகளை எழுதுவது மாணவர்களுக்குச் சிறந்த பயிற்சியாகவும் அலுவலகங்களுக்கு நேரடிப் பயனாகவும் அமையும்.

மற்றொரு நுட்பமும் உண்டு. இவ்வடிவம் எழுத்துகளை மேற்கத்திய எழுத்து, கிழக்காசிய எழுத்து, கூட்டமைப்பு எழுத்து என மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எழுத்துரு, அளவு, மொழி ஆகிய பண்புகளைத் தனித்தனியே வைத்துள்ளது. தமிழும் கன்னடமும் மூன்றாம் வகையைச் சேர்ந்தவை. மேற்கத்திய அளவை மட்டும் மாற்றும் நிரல், ஆங்கிலச் சொற்களைப் பெரிதாக்கித் தமிழ்ச் சொற்களை அப்படியே விட்டுவிடும். நிரலில் பிழை இல்லை எனக் கருதி மாணவர் திகைப்பது பெரும்பாலும் இவ்விடத்தில்தான்.

வரம்புகளும் கடமையும்

தரம் என்பது குறைகளுக்கு அப்பாற்பட்டதன்று. 1.0, 1.1 பதிப்புகளில் அட்டவணைச் சூத்திரங்களின் இலக்கணம் முழுமையாக வரையறுக்கப்படவில்லை. அதனால் ஒரு மென்பொருளில் எழுதிய சூத்திரம் மற்றொன்றில் சரிவர இயங்காத நிலை ஏற்பட்டது. 1.2 பதிப்பே இக்குறையைப் போக்கிற்று. எழுதப்படாமல் விடப்பட்ட ஒவ்வொரு விதியும் ஒரு தடையாக மாறும் என்பதை இது உணர்த்துகிறது. பொதுத் தரமாதலால் குறையை எவரும் சுட்ட முடிந்தது. திருத்தமும் பொதுவில் நடைபெற்றது.

கல்லூரிகள் இப்பொருளைச் செய்முறைப் பயிற்சியாகச் சேர்ப்பது கடினமன்று. தனிச் செலவு இல்லை. விவரக்குறிப்பும் கருவிகளும் இலவசம். அலுவலகங்கள் மென்பொருள் வாங்கும்போது, கோப்புகள் எவ்வடிவில் சேமிக்கப்படும், வேறு மென்பொருளுக்கு மாற நேர்ந்தால் அவை முழுமையாகக் கிடைக்குமா என்னும் இரு வினாக்களை எழுத்து மூலம் கேட்டுப் பெறுதல் நலம். நில உரிமை, ஓய்வூதியம், நீர்ப்பங்கீடு ஆகியவை பற்றிய ஆவணங்கள் அவற்றை எழுதிய கணிப்பொறியைவிட நெடுநாள் பயன்பட வேண்டியவை. முப்பது ஆண்டுகளுக்குப் பின் ஒரு குடிமகன் தன் ஆவணத்தைக் கேட்டு வரும்போது, அதைத் திறக்கும் மென்பொருள் மறைந்திருந்தாலும், விவரக்குறிப்பைப் படித்துப் புதிதாக ஒன்றை எழுதிக்கொள்ளும் திறன் பெற்றவர்கள் நம்மிடையே இருத்தல் வேண்டும். அவர்களை உருவாக்குவது இன்றைய வகுப்பறையின் பொறுப்பாகும்.