வாக்காளர் பட்டியலும் குடியிருக்கும் வீடும்

சொந்த ஊரில் வீடிருக்கிறது, வாக்கும் அங்கேயே இருக்கட்டும் என்று வெளி மாநிலத் தமிழருள் பலர் எண்ணுகிறோம். 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமோ, ஓரிடத்தில் வீடு உடைமையாயிருப்பது மட்டும் போதாது என்கிறது. வழக்கமாக வசிக்கும் ஊரே கணக்கு. இரு தொகுதிகளில் பெயர் இருத்தலும் ஆகாது.

மும்பையில் இது கூரையையே தொட்ட விஷயம். குடிசைவாசிகளுக்கு இலவச மாற்று வீடு தரும் திட்டத்தை 1995இல் மகாராஷ்டிர அரசு வகுத்தபோது, அவ்வாண்டு ஜனவரி 1 அல்லது அதற்கு முந்திய வாக்காளர் பட்டியலில் பெயருண்டா என்று பார்த்தது. பின்னர் அந்நாள் 2000 ஜனவரி 1 ஆயிற்று. திருநெல்வேலிச் சீமையினின்று தோல் பதனிட வந்து தாராவியில் வேரூன்றிய குடும்பங்களுக்கு, பட்டியலின் ஒரு வரி எத்தகைய பத்திரம் என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை.

நகரசபைத் தேர்தலுக்கும் அங்கே சட்டமன்றப் பட்டியலே அடிப்படை. 227 வட்டங்கள் கொண்ட மும்பை மாநகராட்சியின் காலம் 2022 மார்ச்சில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2026 ஜனவரியில்தான் நடந்தது. இடைக்காலம் முழுவதும் அரசு நியமித்த நிர்வாகியின் ஆட்சி. குழாயில் நீர் வராவிடில் முறையிடத் தெருவுக்குரிய அங்கத்தினர் இல்லை!

ஊர் மாறியவர் படிவம் 8ஐப் பூர்த்திசெய்து, புதிய முகவரிச் சான்றுடன் அவ்விடத்து வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் கொடுக்கலாம். பழைய பட்டியலிலிருந்து பெயர் மாற்றப்படும்.